சித்தி மகனின் ஷார்ஜா டீக்கடை

பி.காம். படித்தவனுக்கு நாகர்கோவிலில் ஒரு தொல்லை உண்டு. ஊரே அவனை ஆடிட்டர் என்று நினைத்துக் கொள்ளும். 'நான் பாஸானதே தேர்ட் கிளாஸில் ஸார்' என்றாலும் விடமாட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி மகன் வந்தான். ஷார்ஜாவில் ஒரு மளிகைக் கடையில் எட்டு வருஷமாக சேல்ஸ்மேன். கையில் மஞ்சள் பை. பைக்குள் சித்தியின் எட்டு சென்ட் தென்னைவிளையின் ஆதாரம்!

"அண்ணே, இதை அடமானம் வச்சு அங்க டீக்கடை போடப் போறேன். லைசென்ஸ் ஒரு அரபி பேர்ல. மாசாமாசம் அவருக்கு ஒரு தொகை. மத்தபடி கடை எனக்குத்தான்."

"உனக்குன்னு எங்கடே எழுதியிருக்கு?"

பயல் முழித்தான். விளை போனால் சித்திக்கு வேறு ஒன்றும் கிடையாது. எனவே ஆடிட்டர் அவதாரம் எடுத்தேன்.

முதலில் விசா. அவனுடையது வேலை விசா. அது எந்தக் கம்பெனி எடுத்ததோ அங்கே வேலை பார்க்கத்தான். அதை வைத்துக் கொண்டு சொந்தக் கடை நடத்தி மாட்டினால் அபராதம், சமயத்தில் திருவனந்தபுரத்துக்கு ஒன்வே டிக்கெட்! முதலாளி ஆக வேண்டுமானால் முதலில் டிரேட் லைசென்ஸ், அப்புறம் பார்ட்னர் அல்லது இன்வெஸ்டர் விசா.

"அரபி இல்லாம லைசென்ஸ் தருவானா அண்ணே?"

அது பழைய கதை. 51 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு என்ற விதியை, பெரும்பாலான தொழில்களுக்கு 2021 ஜூனில் எடுத்துவிட்டார்கள். ஒரே ஆள் முழு முதலாளியாக எல்.எல்.சி. பதியலாம். பக்கத்து சவுதியில் அடுத்தவர் பேரில் கடை நடத்தினால், 2020-ல் வந்த சட்டப்படி ஐந்து வருஷம் வரை ஜெயில், 50 லட்சம் ரியால் வரை அபராதம். பினாமிக் கடையில் தகராறு வந்தால் நம்ம ஆள் யாரிடம் போய்ச் சொல்வான்?

அடுத்தது வரி. "வளைகுடாவில ஏதுண்ணே வரி?" என்று சிரித்தான். சம்பளத்துக்கு இல்லை, சரி. ஆனால் 2018 ஜனவரியிலிருந்து அமீரகத்தில் 5 சதவீத வாட். வருஷ விற்பனை 3,75,000 திர்ஹாமைத் தாண்டினால் பதிவு கட்டாயம். தினம் 1,100 திர்ஹாமுக்கு டீயும் பரோட்டாவும் ஓடினாலே வருஷத்துக்கு 4,01,500. மாட்டியாச்சு!

2023 ஜூனுக்குப் பிறகு தொடங்கும் கணக்கு வருஷங்களுக்குக் கம்பெனி வரியும் உண்டு. லாபம் 3,75,000 திர்ஹாமுக்கு மேல் போனால், மேலே உள்ளதுக்கு 9 சதவீதம். அங்கே எண் விற்பனைக்கு, இங்கே அதே எண் லாபத்துக்கு. இரண்டையும் குழப்பிக் கொண்டால் கதை கந்தல். லாபமே வராவிட்டாலும் எல்.எல்.சி. பதிந்து கணக்குக் காட்ட வேண்டும். பதியத் தாமதித்தால் 10,000 திர்ஹாம் அபராதம்.

"கடையைப் பையன்கள் பாத்துக்கிடுவானுவ. நான் ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் ஊர்ல."

இங்கேதான் நம்ம வருமான வரிக்காரர் சிரிக்கிறார். ஒரு நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் நீங்கள் உள்ளூர்வாசி. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை விரல் விட்டு எண்ணுங்கள்... 183! இந்திய வருமானம் மட்டும் 15 லட்சத்தைத் தாண்டியவருக்கு 120 நாளிலேயே சிக்கல் ஆரம்பம். உள்ளூர்வாசியானால் வெளிநாட்டு லாபமும் இங்கே கணக்கில் வரும். ரொம்ப வருஷம் வெளியே இருந்து வந்தவருக்குச் சில காலம் சலுகை உண்டு. ஆனால் வடசேரியில் உட்கார்ந்து போனிலேயே ஷார்ஜா கடையை ஆட்டுவித்தால் அந்தச் சலுகையும் கைகொடுக்காது.

"பேங்க் கணக்கு?" என்று கேட்டேன். எட்டு வருஷமாகப் பழைய சேவிங்ஸ் கணக்காம்! வெளிநாட்டுக்குப் போனவர் அதை என்.ஆர்.ஓ. ஆக மாற்ற வேண்டும். அங்கே சம்பாதித்ததை என்.ஆர்.இ. கணக்கில் போட்டால் வட்டிக்கு இங்கே வரியில்லை.

பயல் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ஆதாரத்தை அம்மைக்கிட்டயே குடுத்திருதேன். முதல்ல லைசென்ஸ் செலவு எவ்வளவுன்னு நேர்ல விசாரிச்சு, எம்பேர்ல கிடைக்கும்னா அப்புறம் பாப்போம்" என்றான். எட்டு வருஷத்தில் அவன் பேசிய முதல் வியாபாரப் பேச்சு!

சாயந்திரம் சித்தி போன் செய்தாள். "மக்கா, அவன் முதலாளி ஆயிருவானா?"

"விசாவில அப்படி எழுதியிருந்தா ஆவான், சித்தி."