நுரை சொல்லாத செய்தி

சவுக்கார நீரில் குழந்தை ஊதும் குமிழி எப்போதும் உருண்டையாயிருப்பது ஏன்? நீரின் மேற்பரப்பு, முரசில் இழுத்துக் கட்டிய தோலைப் போன்றது. இடைவிடாமல் சுருங்கவே முயலும். உள்ளே அடைபட்ட காற்றை மிகக் குறைந்த பரப்பால் மூடும் வடிவம் உருண்டை ஒன்றே. வெறும் ஜலத்தில் குமிழி நொடியில் உடைந்துபோகும். சவுக்காரத்தின் நுண்துகளோ, ஒரு முனையால் நீரைப் பற்றி, மறு முனையால் நீரை வெறுத்து, மேற்பரப்பில் அணிவகுத்து நின்று அந்த இழுப்பைத் தளர்த்துகிறது. குமிழியின் ஆயுளும் நீள்கிறது.

தனிக் குமிழியில் வானவில்லின் வர்ணங்கள் மின்னும். ஆயிரமாயிரம் குமிழிகள் சேர்ந்தாலோ ஒளி நாலாபுறமும் சிதறி நுரை வெண்மையாகிவிடும்.

திருப்பூரில் மழை பெய்ததும் நொய்யலாற்றில் பஞ்சுப் பொதி போல் நுரை மிதந்து வந்ததுண்டு. வீட்டுச் சாக்கடையின் சவுக்காரமும், துணி வெளுக்கும் சாயமிடும் பட்டறைகளின் கழிவும் அதற்குக் காரணமாகக்கூடும். நுரையைக் கண்டு திடுக்கிடுகிறோம். அது அடங்கியதும் ஆறு சுத்தமாகிவிட்டதென்று நம்புகிறோம்.

இங்கேதான் ஏமாந்துபோகிறோம். பருத்தி நூலில் சாயம் பிடிக்க உப்பு நிறையச் சேர்ப்பார்கள். உப்பு நுரைக்காது, கண்ணுக்கும் தெரியாது. பாசனத்துக்காக 1992-இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணையில் அந்த உப்பு நீரே தேங்கிற்று. குடியானவர்கள் நீதி மன்றத்தை நாட வேண்டியதாயிற்று. கழிவு நீரை அறவே வெளிவிடாத நிலை ஏற்படும் வரையில் சாயப் பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

நுரை வந்தால் விசாரியுங்கள். வராவிட்டாலும் நீரைச் சோதியுங்கள்.