எல்லா ரத்தப்போக்கும் மூலம் அல்ல



நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவின் கடன் பேரேட்டைப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஒரே உறுப்பினருக்கு இரண்டு வருடத்தில் மூன்று முறை உள்கடன். மூன்றுக்கும் காரணம் "கணவரின் மூல வைத்தியம்". மலத்தில் ரத்தம் போகிறது என்று அவர் கூட்டத்தில் சொன்னபோது நாமும் சும்மா இருக்கவில்லை. "சூடுதாங்க, துத்திக்கீரை குடுங்க, கருணைக்கிழங்கு செஞ்சு போடுங்க" என்று ஆளாளுக்கு யோசனை சொன்னோம். ஊசி போட்டு மூலத்தைக் கரைக்கிறேன் என்றவரிடமும் பணம் போனது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தபோது பெருங்குடல் முழுக்க நூற்றுக்கணக்கான பாலிப்புகள். அதில் ஒன்று புற்றுநோயாகி ஈரலுக்கும் பரவியிருந்தது. அவருக்கு 41 வயது. எட்டு மாதத்தில் இறந்துவிட்டார்.

அந்தச் சகோதரியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். பேர், ஊர் வேண்டாம் என்றார். "ஆனா என் பிள்ளைங்களுக்கு என்ன செஞ்சாங்கன்னு கட்டாயம் எழுதுங்க" என்றார்.

பாலிப் என்றால் குடலின் உள்சுவரில் மரு போல வளரும் சதை. வயதானவர்களுக்கு ஒன்றிரண்டு இருப்பது சகஜம். கொலோனோஸ்கோப்பி செய்யும்போதே கம்பி வளையம் போட்டு எடுத்துவிடுவார்கள். இந்தக் குடும்பத்தில் இருந்தது வேறு. எஃப்.ஏ.பி. என்று டாக்டர்கள் சொல்வார்கள். ஃபெமிலியல் அடினோமேட்டஸ் பாலிபோசிஸ் என்பது முழுப்பெயர். சுமார் 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும் அபூர்வ நோய். பெரும்பாலும் 16 வயது வாக்கில் பாலிப் முளைக்கத் தொடங்குகிறது. அப்படியே விட்டால் சராசரியாக 39 வயதில் புற்றுநோய். நூற்றுக்கணக்கில் இருப்பதால் ஒவ்வொன்றாக எடுத்து முடியாது. ஒரு பக்கம் எடுக்க மறுபக்கம் முளைக்கும்.

காரணம் சாப்பாடு இல்லை. ஏ.பி.சி. என்ற மரபணுவில் உள்ள கோளாறு. 1991-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. நான்கு பேரில் ஒருவருக்குப் பெற்றோரிடம் இல்லாமலே புதிதாகவும் வருகிறது. நம் சகோதரியின் மாமனாரும் நாற்பது வயதுக்குமேல் "வயித்து வலி"யில் இறந்தவர்தான். இருந்தும் மாமியார் என்ன சொன்னார் தெரியுமா? "இவ ஆக்கிப்போட்ட காரம்தான் என் பிள்ளை குடலைத் தின்னுடுச்சு." இந்த வார்த்தையை எத்தனை வீட்டில் கேட்கிறோம்!

சொந்தத்தில் கட்டியதால் வந்ததா என்றும் கேட்கிறார்கள். எஃப்.ஏ.பி.க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் எம்.யூ.டி.ஒய்.எச். என்ற இன்னொரு மரபணுக் கோளாறால் வரும் பாலிப் நோய், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் பிள்ளைக்கு வரும். அக்காள் மகள், மாமன் மகன் என்று கட்டும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல்.

இனி பிள்ளைகள் விஷயம். அவர் உயிரோடு இருந்தபோதே டாக்டர் அவர் ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பிவிட்டார். இது ரொம்ப முக்கியம். நோய் உள்ளவரிடம் கோளாறு எந்த இடத்தில் என்று தெரிந்தால்தான் மற்றவர்களிடம் அதே இடத்தைப் பார்த்து உண்டு, இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும். மகளுக்கு 14 வயது. அவளுக்கு அந்தக் கோளாறு இல்லை. இனி அவளுக்கு இதற்காகக் குழாய்ச் சோதனையே தேவையில்லை. 17 வயது மகனுக்கு இருந்தது. இத்தனைக்கும் அவனுக்கு வலியோ ரத்தமோ எதுவும் இல்லை.

இப்படிப்பட்ட குடும்பங்களில் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே சோதனையைத் தொடங்க வேண்டும். மலவாய் வழியாகக் கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டுப் பார்ப்பார்கள். முதல் நாள் பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். அதுதான் கஷ்டம், சோதனை அல்ல. மயக்கம் கொடுத்துச் செய்வார்கள். வெட்கப்பட்டுத் தள்ளிப்போட வேண்டாம்.

"பெருங்குடலை எடுத்துட்டா மனுசன் எப்படிங்க உயிரோட இருப்பான்?" என்று அந்தச் சகோதரி டாக்டரிடம் அழுதார். இருக்கலாம். சாப்பாட்டின் சத்தை எடுப்பது சிறுகுடல். பெருங்குடலின் முக்கிய வேலை தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சுவது. ஆபரேஷன் முக்கியமாக இரண்டு விதம். மலக்குடலில் பாலிப் குறைவாக இருந்தால் பெருங்குடலை மட்டும் எடுத்து, சிறுகுடலை மலக்குடலோடு இணைப்பார்கள். நிறைய இருந்தால் மலக்குடலையும் எடுத்து, சிறுகுடலின் நுனியிலேயே பை போலத் தைத்து ஆசனவாயில் சேர்ப்பார்கள். அந்தத் தையல் ஆறும்வரை சில மாதம் வயிற்றில் வெளிப்பை வைக்க வேண்டியிருக்கும். பெண்களுக்கு இரண்டாவது ஆபரேஷனால் கருத்தரிப்பது சிரமமாகலாம். டாக்டரிடம் இதை முன்கூட்டியே, வாய் திறந்து கேளுங்கள். இந்த நோய் உள்ள சிலருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றுக்குள் டெஸ்மாய்டு என்ற கெட்டியான கட்டியும் வருவதுண்டு. அதனால் எப்போது செய்வது என்பதை ஆளுக்கு ஆள் யோசித்துத்தான் முடிவு செய்வார்கள். பாலிப் அதிகமில்லை என்றால் படிப்பு முடியும்வரை காத்திருக்கவும் சொல்வார்கள்.

மகனுக்குப் பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் முதல் வகை ஆபரேஷன் நடந்தது. இப்போது ஒரு நாளைக்கு நான்கு தடவை போகிறான், மற்றபடி கல்லூரிக்குப் போய் வருகிறான். ஆபரேஷனோடு முடியவில்லை. மிச்சமுள்ள மலக்குடலை வருடம் தவறாமல் பார்க்க வேண்டும். 20 வயதுக்கு மேல் வாய்வழியாகவும் குழாய் விட்டு முன்சிறுகுடலைப் பார்க்க வேண்டும், அங்கேயும் பாலிப் வரும். தைராய்டையும் பார்க்கச் சொல்வார்கள்.

லண்டனில் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியில் 1924 முதல் இந்தக் குடும்பங்களுக்கு என்றே ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். யாருக்கு நோய், யார் பிள்ளைகள், யார் உடன்பிறந்தவர்கள் என்று எழுதி வைத்து, நோய் தெரியும் முன்பே கூப்பிட்டுப் பார்ப்பார்கள். ரத்தம் கண்டு தாங்களாக வந்தவர்களில் பலருக்குப் புற்றுநோய் வந்துவிட்டிருந்தது. கூப்பிட்டு வந்தவர்களில் வெகு சிலருக்குத்தான். நோட்டு எழுதுவது நமக்குப் புதிதா? தாத்தா, பெரியப்பா, அத்தை யார் எந்த வயதில் எதனால் இறந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். ஐம்பது வயதுக்குள் குடல் புற்றுநோய் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். சென்னை ஸ்டான்லி, மதுரை ராஜாஜி அரசு ஆஸ்பத்திரிகளில் இரைப்பை குடல் அறுவைப் பிரிவு உண்டு. காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போங்கள்.

இறந்தவருக்கு இரண்டு தம்பிகள். ஒருவர் சோதனை செய்துகொண்டார். இன்னொருவர், "வெளிய தெரிஞ்சா என் பொண்ணை யார் கட்டுவாங்க?" என்று வர மறுக்கிறார். அவர் மனைவி பக்கத்து ஊர்க் குழுவில் உறுப்பினர். இந்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அவரோடு தனியாக உட்கார்ந்து பேசுவதாக ஊக்குநர் சொல்லியிருக்கிறார்.