பழைய கிராபிக்ஸ் கார்டு லாபமா? வாங்கும் முன் இதைக் கவனிங்க!

கான்சாபுரமோ, ராஜபாளையமோ... பிள்ளைகள் கேமிங் கம்ப்யூட்டர் கேட்டதும் பெற்றோர் கேட்பது, ‘செகண்ட் ஹேண்டில் கிடைக்காதா?’ என்பதுதான். கிடைக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் பழைய கார்டுகள் கைமாறுகின்றன. ஆனால், வாங்கலாமா?

என்விடியாவின் இரண்டு கார்டுகளை ஒப்பிடுவோம். 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1060-ல் 6 ஜிபி மெமரி. 2023-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060-ல் 8 ஜிபி. 2 ஜிபிதானே வித்தியாசம் என நினைக்காதீர்கள். ஃபுல் ஹெச்டி கேம்களில் புதியது இரு மடங்குக்கு மேல் வேகம். மின்சாரமோ 120 வாட்டுக்குப் பதில் 115 வாட்தான்!

ஒளி, நிழலை நிஜம்போலக் காட்டும் ‘ரே டிரேசிங்’குக்கான தனிப் பகுதி 1060-ல் இல்லை. 2024 டிசம்பரில் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்’ கேமுக்கு அது கட்டாயம். தவிர, 10 சீரிஸ் கார்டுகளுக்குப் புது கேம் டிரைவர்கள் 2025 அக்டோபருடன் நின்றுவிட்டன. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை உண்டு.

‘வேலோரன்ட்’, ‘ஜிடிஏ 5’ போதும் என்பவர்களுக்கு 1060 இன்றும் கைகொடுக்கும்.

பழையது வாங்கினால்...

* கிரிப்டோ மைனிங்கில் ராப்பகலாக ஓடிய கார்டா என்று விசாரியுங்கள்.

* அரை மணி நேரம் கேம் ஓடவிட்டுப் பாருங்கள். திரையில் கோடு, புள்ளி, ஃபேனில் கரகர சத்தம் வந்தால் வேண்டாம்.

* பில், வாரன்ட்டி மிச்சம் இருக்கிறதா எனக் கேளுங்கள்.

* உங்கள் பவர் சப்ளை தாங்குமா என்றும் பாருங்கள்.

புது கேம்கள்தான் ஆசை என்றால், இன்னும் சில மாதம் சேமித்துப் புதியதையே வாங்குவது நல்லது!