முறிகண்டித் தேங்காயும் மோட்டார் வண்டியின் பிறேக்கும்

கண்டி வீதி வழியே தெற்கே செல்லும் சாரதிகளுள், முறிகண்டிப் பிள்ளையார் முன் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைக்காது அப்பாற் செல்வோர் அரியர். வழித்துணை வேண்டும் அந்த நெஞ்சம் போற்றுதற்குரியதே. ஆயினும், தேங்காய் உடைக்கும் நம்மில் எத்தனை பேர் வண்டியின் பிறேக்கை ஒருமுறை குனிந்து பார்த்திருப்போம்? நாமும் பாராதோர் கூட்டத்திலேதான் இருந்தோம்.

சென்ற ஆண்டு ஒருநாள், பருத்தித்துறை வீதியில் கோப்பாயை அண்மித்தபோது, பிறேக்கை அழுத்துந்தோறும் முன் சில்லில் 'கிறீச்' என்னும் ஒலி எழுந்தது. பிறேக் பாட் தேய்ந்து மெலிந்தால், அதிலுள்ள சிறு தகடு சுழலும் தட்டில் உரசி இவ்வாறு கூவும். அஃது எச்சரிக்கை, அலட்சியஞ் செய்தற்குரியதன்று.

பிறேக் தேய்வது அதன் குற்றமன்று. தேய்வதே அதன் தொழில். ஓடும் வண்டியின் வேகத்தை உராய்வினால் வெப்பமாக்கிக் காற்றிலே கலந்துவிடுகிறது. வேகம் இரு மடங்காயின், அடக்கவேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். இதனை வகுப்பறையிற் கரும்பலகையில் எழுதும் மாணவர், வீதியில் மறந்துவிடலாகாது.

1888ஆம் ஆண்டில் ஜெர்மனியிலே பேர்த்தா பென்ஸ் என்னும் மாதரசி, தம் மைந்தர் இருவருடன் நூறு கிலோமீற்றருக்கு மேல் மோட்டார் வண்டி ஓட்டிச் சென்றார். இடைவழியிற் பிறேக்கின் மரக்கட்டைகள் தேயவே, செருப்புத் தைப்பவரைக் கொண்டு அவற்றின்மேல் தோலை அறைவித்தார். நாம் இன்று மாற்றும் பாட்டுக்கு அத்தோலே மூதாதை. 1990க்குப் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அருகிய காலத்தில், நம் குடாநாட்டில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் வண்டிகளில் இருந்தவையோ உருளையுள் விரியும் பிறேக் சூக்கள். இக்கால வண்டிகள் பலவற்றின் முன் சில்லுகளில் தட்டும் பாட்டுமே உள்ளன.

ஞாயிறு காலை, மூத்த மகனைத் துணைகொண்டு வேலையைத் தொடங்கினோம். சமதரையில் நிறுத்திக் கைப்பிறேக்கை இழுத்து, பின் சில்லுகளுக்குக் கல் அணைகொடுத்தோம். நட்டுகளைச் சற்றே தளர்த்திய பின்னரே ஜக்கினால் உயர்த்தி, உறுதியான தாங்கியை வைத்தோம். ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழ் கைநீட்டுவது பேதைமை. கலிப்பரைக் கழற்றியபோது அதனை இறப்பர்க் குழாயில் தொங்கவிடாது கம்பியாற் கட்டினோம். பழைய பாட்டை எடுத்து, பிஸ்ரனை மெல்ல உள்ளே தள்ளிப் புதியதைப் பொருத்தினோம். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்றவேண்டும். அன்றேல் வண்டி ஒருபுறம் இழுக்கும். பாட்டில் எண்ணெய் படலாகாது. தூசியை வாயால் ஊதலாகாது. பழைய பாட்டுகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருத்தல் கூடும்.

எல்லாம் முடிந்தது என்று பெருமிதத்துடன் வண்டியை நகர்த்தினோம். இளைய மகள் படலையைத் திறந்துகொண்டு நின்றாள். பிறேக்கை அழுத்தினோம், மிதி தரைவரை தாழ்ந்தது, வண்டி நிற்கவில்லை! கைப்பிறேக்கை இழுத்ததும், பிள்ளைக்கு இரு முழத் தூரத்தில் நின்றது. நெஞ்சு பதைத்தது. உள்ளே தள்ளிய பிஸ்ரன் மீண்டும் பாட்டைத் தொடும்வரை, வண்டியை நகர்த்துமுன் மிதியைப் பலமுறை அழுத்தவேண்டும் என்பதை மறந்திருந்தோம். ஒரு நிமிட வேலை. ஓர் உயிரின் விலை.

ஆதலின், அன்பர்களே, இவ்வேலையைத் தாமே செய்ய விழைவோர் முதன்முறை அறிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கசிவோ, தட்டில் வெடிப்போ கண்டால் கராச்சுக்கே கொண்டுசெல்லுங்கள். முறிகண்டியிலே தேங்காயும் உடையுங்கள். ஆனால் புறப்படுமுன் வீட்டு முற்றத்திலேயே பிறேக்கை ஒருமுறை மிதித்துப் பாருங்கள். விக்கினம் தீர்க்கும் விநாயகரும் அதனையே விரும்புவார்.