பாடுபவருக்கும் பேரேட்டில் ஒரு பக்கம்



பருப்பு விலை, ஜி.எஸ்.டி., தராசு முத்திரை என்று பேசும் நமது இதழில் பாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நாம் இங்கே சொல்ல வருவதும் ஒரு கூலிக் கணக்குதான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெரு வியாபாரிகள் சேர்ந்து ஆண்டு விழா நடத்தினோம். பந்தலுக்குப் பணம் கொடுத்தோம். மைக் செட்டுக்கும், ஜெனரேட்டருக்கும், சாப்பாட்டுக்கும் கொடுத்தோம். எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது. அன்று ஒரு மணி நேரம் கானா பாடிக் கூட்டத்தை எழுந்திருக்க விடாமல் செய்தவர், எங்கள் மண்டியில் மூட்டை இறக்கும் ஓர் இளைஞர். பாட்டெல்லாம் அவரே கட்டியது. டோலக் தட்டியவர் அவருடைய நண்பர். இருவருக்கும் சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து அனுப்பி வைத்தோம்.

மறுநாள் காலையில், "என்னப்பா, சந்தோஷம்தானே?" என்று கேட்டோம். "சால்வ நல்லா கீது மொதலாளி. நேத்து ரெண்டு லோடு பூடுச்சு, அவ்ளோதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். விழாவுக்காக அவர் இரண்டு லாரி சரக்கு இறக்கும் கூலியை விட்டிருக்கிறார். விழாச் செலவுக் கணக்கை எடுத்துப் பார்த்தோம். மைக் கொடுத்தவர் பெயர் இருந்தது. மைக்கில் பாடியவர் பெயர் இல்லை. எடையில் ஐம்பது கிராம் குறைந்தால் சண்டைக்குப் போகும் நாங்கள், ஒருவருடைய ஒரு நாள் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொண்டோம். அந்த வெட்கம்தான் எங்களை இதை எழுத வைத்தது.

சரக்கு உண்டு, சந்தை இல்லை

கானா நமது வட சென்னையின் சொந்தச் சரக்கு. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பிப் பிழைக்கும் மக்களிடம் வளர்ந்த பாட்டு இது. பெயர் இந்திச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். பேச்சும் கேலியும் சோகமும் நம் தெருவுடையவை. டோலக் இருந்தால் டோலக், இல்லாவிட்டால் மேசை, தீப்பெட்டி, சட்டி எதிலும் தாளம் வரும். சாவு வீட்டில் விடிய விடியப் பாடுவது மரண கானா. இறந்தவரின் குணத்தையும் உழைப்பையும் அங்கேயே பாட்டாகக் கட்டிப் பாடுவார்கள்.

1990களில் தேவா இந்த மெட்டுகளைத் திரைக்குக் கொண்டு சென்றார். 2006இல் வந்த 'சித்திரம் பேசுதடி' படத்தால் கானா உலகநாதனையும், 2012இல் வந்த 'அட்டகத்தி' படத்தால் கானா பாலாவையும் தமிழ்நாடு முழுவதும் தெரிந்துகொண்டது. ஆனால் சினிமா வாசல் எத்தனை பேருக்குத் திறக்கும்? மற்றவர்களுக்குக் கிடைப்பது சாவு வீடும் திருவிழா மேடையும்தான். சாவு வீட்டில் கேட்பவர்கள் துக்கத்தில் இருப்பார்கள். திருவிழாவிலோ, பாட ஆரம்பித்ததும் "சினிமா பாட்டு பாடு" என்று சத்தம் வரும். சொந்தமாகக் கட்டிய புதுப் பாட்டை, உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கும் ஐம்பது பேர் முன் பாட இடம் கிடைப்பது அரிது.

வியாபாரிக்கு இது உடனே விளங்கும். விளைகிற சரக்கு இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது, நடுவில் சந்தை இல்லை. சந்தை இல்லாத சரக்கைத் தொடர்ந்து யாரும் பயிரிட மாட்டார்கள்.

நம் பகுதி வியாபாரிகள் செய்தது

பாட்டை ஆதரிப்பது நமக்குப் புதிதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் கவர்னர் பிகட்டிடம் துபாஷாக இருந்தவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். இன்று எண்ணெய் ஆலையும் டேங்கர் லாரிகளுமாக இருக்கும் அதே மணலிதான். இராமநாடகம் பாடிய அருணாசலக் கவிராயரை ஆதரித்தவர் அவர். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ராமசுவாமி தீட்சிதரை மணலிக்கு அழைத்து வந்து குடும்பத்தோடு வைத்துக் காப்பாற்றியவரும் அவரே. அவர் மகன் காலத்திலும் அந்த ஆதரவு தொடர்ந்தது. தீட்சிதரின் மகன் பாலுசுவாமி கோட்டையில் வெள்ளைக்காரர்களின் வாத்தியத்தைக் கேட்டு வயலின் கற்றுக்கொள்ள வழி செய்ததும் அந்தக் குடும்பம்தான். கர்நாடக சங்கீதக் கச்சேரிகளில் இன்று வயலின் இல்லாமல் முடியாது. அதற்கு விதை போட்டதில் மணலி துபாஷ் வீட்டுக்கும் பங்கு உண்டு.

தியாகராஜ சுவாமிகள் சென்னைக்கு வந்தபோது பந்தர் தெருவில் கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டில் தங்கினார் என்பார்கள். சீடர் வீணை குப்பய்யர் அழைப்பை ஏற்றுத் திருவொற்றியூர் சென்று திரிபுரசுந்தரி அம்மன் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். திருவொற்றியூர் பஞ்சரத்தினம் என்று இன்றும் அவை பாடப்படுகின்றன. தங்க வீடும், உண்ணச் சோறும், கேட்கச் சபையும் கிடைத்த இடத்தில் பாட்டு பிறந்தது.

இன்று துபாஷ் யாரும் இல்லை. ஒரே ஆள் ஒரு குடும்பத்தைத் தாங்கவும் முடியாது. ஆனால் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்தால் மாதத்தில் ஒரு மாலைப் பொழுதைத் தாங்க முடியும்.

ஒரு காபிக் கடையின் கதை

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் சரடோகா ஸ்பிரிங்ஸ் என்று ஒரு சிறிய ஊர். அங்கே 1960இல் லீனா ஸ்பென்சர் என்ற பெண்மணியும் அவர் கணவரும் 'கஃபே லீனா' என்ற காபிக் கடையை மாடியில் திறந்தார்கள். மது கிடையாது. காபி, தின்பண்டம், ஒரு சிறிய மேடை, அவ்வளவுதான். கணவர் சில ஆண்டுகளில் விலகிப் போனார். அந்த அம்மையார் 1989இல் இறக்கும்வரை கடையை விடவில்லை. பெரிய லாபம் எதுவும் பார்த்ததில்லை. பாட வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, தங்க இடமும் கொடுத்தார்.

1961இல் அங்கே வந்து பாடியவர்களில் ஒருவர், அப்போது யாருக்கும் தெரியாத இருபது வயது பாப் டிலன். பின்னாளில், 2016இல், அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. லீனா இறந்த பிறகும் கடை மூடப்படவில்லை. ஊர் மக்கள் லாப நோக்கமில்லாத அமைப்பாக மாற்றி நடத்தி வருகிறார்கள். ஒரு தனி ஆள் தொடங்கியது ஊர்ச் சொத்தாகிவிட்டது.

நாம் கவனிக்க வேண்டியது டிலனை அல்ல. அவரைப் போலப் புகழ் பெறாத எத்தனையோ பேருக்கும் அந்தக் கடை வாரந்தோறும் திறந்திருந்தது. எப்போது போனாலும் கேட்க ஆள் இருக்கும் என்ற நம்பிக்கைதான் பாடுபவருக்கு முதல்.

சென்னையில் நடந்தவை

நம் ஊரிலும் நல்ல முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2015இல் பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும், சமூக ஆர்வலர் நித்தியானந்த் ஜெயராமனும், குப்பத்து மக்களும் சேர்ந்து விழா எடுத்தார்கள். சபாவில் பாடுபவரும் பறை அடிப்பவரும் ஒரே மேடையில் ஏறினார்கள். 2017இல் எண்ணூர்க் கழிமுகம் கெட்டுப்போவதைப் பற்றி 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' வந்தது. சுயாதீனப் பாடகரான கபேர் வாசுகி சென்னைப் பேச்சுத் தமிழில் எழுதியதை ஆர்.கே. ஸ்ரீராம்குமார் இசையில் டி.எம். கிருஷ்ணா எண்ணூரிலேயே நின்று பாடினார்.

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து 19 கலைஞர்களைக் கொண்டு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை அமைத்தார்கள். கானா, பறை, ராப் எல்லாம் கலந்த அந்தக் குழுவின் முதல் நிகழ்ச்சி 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் நடந்தது. அதில் பாடிய இசைவாணி நம் ராயபுரத்துப் பெண். ஆண்களே பாடிவந்த கானாவில் ஒரு பெண் பெயர் எடுத்தார். 2020இல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலிலும் இடம் பெற்றார்.

இவையெல்லாம் பெரிய மேடைகள். பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை வருபவை. பெரிய மேடைக்குப் போகும் முன் பாடிப் பழகச் சிறிய மேடை வேண்டும். அது நம்மால் முடியும்.

எப்படி நடத்தலாம்?

இடம் நம்மிடம் இருக்கிறது. மொத்த வியாபாரிகளின் குடோன் ஞாயிறு மாலை பூட்டித்தான் கிடக்கிறது. மூட்டைகளை ஒதுக்கினால் ஐம்பது பேர் உட்காரலாம். வழியை அடைக்காமல் இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைக்க வேண்டும். டீயும் வடையும் பக்கத்து டீக்கடைக்காரரே கொண்டுவந்து விற்கட்டும். அவருக்கும் வியாபாரம், நமக்கும் பொறுப்பு குறைவு.

பணத்துக்கு ஓர் உதாரணக் கணக்கு: பத்துக் கடைகள் தலா 200 ரூபாய் போட்டால் 2,000. வருபவர்கள் ஐம்பது பேர் தலா 50 ரூபாய் கொடுத்தால் 2,500. ஆக மொத்தம் 4,500. பாடுபவர், டோலக், இன்னொரு வாத்தியம் என மூன்று பேருக்குத் தலா 1,200 வீதம் 3,600. மீதி 900இல் மைக் வாடகையும் துப்புரவும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பதற்கேற்ப மூன்று மாதம் நடத்திப் பார்த்து, கணக்கைச் சங்கத்தில் வைத்துவிட்டுத் தொடரலாம்.

ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது. கலைஞர் கூலி முன்பே பேசி முடிக்கப்பட வேண்டும். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அன்றிரவே கையில் போக வேண்டும். வசூல் குறைந்தால் அந்த நட்டம் நம்முடையது. குறிப்பாக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டுப் பக்கம் கையில் காசு புழங்காது. அந்த இரண்டு மாதமும் நுழைவுக் கட்டணம் வேண்டாம், கடைக்காரர்கள் பங்கைக் கூட்டிக்கொள்வோம்.

"கானா என்றால் குடித்துவிட்டு வருவார்கள், கத்தியைப் பற்றிப் பாடுவார்கள்" என்று சிலர் தயங்குவது தெரியும். அப்படிப்பட்ட பாட்டுகளும் உண்டு, மறுக்கவில்லை. வாசலிலேயே மது கூடாது என்று சொல்லிவிடலாம். பெண்களை இழிவு செய்யும் பாட்டும் அடிதடியைப் புகழும் பாட்டும் வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளலாம். நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் வந்து உட்காரும்படி இருக்க வேண்டும். பாட வரும் பெண்ணுக்கு வீடு திரும்ப ஆட்டோ ஏற்பாடு செய்வது நம் பொறுப்பு. ஆனால் கூலி குறைவு, கடன் தொல்லை, கடைக்காரர் தராசு என்று நம்மைக் குத்திப் பாடினால் தடுக்கக் கூடாது. சிரித்துக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் தராசைச் சரிபார்த்துக்கொள்வோம்.

சட்டம் சொல்வது

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது. பகலில் கடைத் தெருவுக்கு 65 டெசிபலும் குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபலும் வரம்பு. ஐம்பது பேருக்கு ஒரு சிறிய ஸ்பீக்கர் போதும். மாலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் முடித்தால் அக்கம்பக்கத்தாருக்கும் தொந்தரவில்லை. காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுவது நல்லது.

அடுத்தது பாட்டின் உரிமை. கடையில் சினிமாப் பாட்டு போட்டால் உரிமைத் தொகை கேட்டு நோட்டீஸ் வருவதை நம்மில் சிலர் பார்த்திருக்கிறோம். அது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி வருவது. கலைஞர் தாமே கட்டி, வேறு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்காத பாட்டை நேரில் பாடினால் அவர் சம்மதமே போதும். அதே சட்டத்தில் 1994இல் வந்த திருத்தம் பாடுபவருக்கும் வாத்தியம் வாசிப்பவருக்கும் தனி உரிமை கொடுத்தது. இப்போது அதன் காலம் 50 ஆண்டுகள். ஆகவே அவரைக் கேட்காமல் செல்போனில் முழுப் பாட்டையும் பிடித்து யூடியூபில் போடுவது சரியல்ல. யாரோ காசு பார்க்க, பாடியவர் வெறுங்கையோடு நிற்பார். 'பதிவு செய்யக் கேட்டுக்கொள்ளவும்' என்று ஓர் அட்டை எழுதி மாட்டிவிடுவோம்.

செய்யலாமே

இதில் லாபம் கொட்டும் என்று சொல்ல மாட்டோம். டீக்கடைக்கு நூறு டீ கூடுதலாகப் போகும். தெருவில் நல்ல பேர் வரும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் தெருவில் அடுத்த ஆண்டு விழாவுக்குச் செலவுக் கணக்கு எழுதியபோது, பந்தலுக்கும் முன்னால் முதல் வரியில் அந்த இளைஞர் பெயரையும் டோலக் நண்பர் பெயரையும் எழுதினோம். இரண்டு நாள் கூலி கணக்கிட்டு, கவரில் போட்டு, மேடை ஏறும் முன்பே கொடுத்தோம். அந்த முறை அவர் பழைய பாட்டைப் பாடவில்லை. இரண்டு புதுப் பாட்டு கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு நாள் லோடுக்குப் போகாமல் உட்கார்ந்து எழுதினாராம்.

ஆண்டுக்கு ஒரு கவருக்கு இரண்டு பாட்டு வந்தது. மாதம் ஒரு கவர் கொடுத்தால் என்ன வரும் என்று பார்க்க ஆசை. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதி வியாபாரிகள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வேண்டுகிறோம். முதல் மாதத்துக்கு எங்கள் குடோனைத் தருகிறோம்.