விலாவெலும்பில்லாப் பட்டம்

தை பிறந்ததும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வானத்திற் பட்டங்கள் ஏறும். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஆண்டுதோறும் தைப்பொங்கலன்று நிகழும் பட்டப்போட்டியைக் காண அயலூர்களிலிருந்தெல்லாம் மக்கள் திரள்வர். எங்கள் நீர்வேலியிலும், வாழைத் தோட்டங்களைக் கடந்து கிழக்கேயுள்ள தரவை வெளியில், மாலைப்பொழுதிற் சிறுவர்கள் நூற்பந்தும் கையுமாக நிற்பதைக் காணலாம். கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம், எட்டுமூலைப் பட்டம் எனப் பெயர்கள் பல. ஆயினும் எல்லாவற்றுக்கும் பொதுவாயது ஒன்றுண்டு, அஃது எலும்பு. மூங்கிலைச் சீவி, இருபுறமும் நிறைபார்த்து, வளைத்துக் கட்டிய சட்டம் இன்றேல், ஒட்டிய கடதாசி வெறுங் கடதாசியே. எலும்பின்றிப் பட்டம் இல்லை என்பது எங்களூர்ப் பிள்ளைகள் ஐந்து வயதிலேயே அறியும் இலக்கணம்.

இவ்விலக்கணத்துக்குப் புறனடையாயமைந்த பட்டமொன்றைச் சென்ற மாசி மாதத்திற் கற்பிட்டியிற் கண்டேன். அதனைக் குறித்தே இக்கட்டுரை.

கற்பிட்டி, புத்தளக் கடனீரேரிக்கும் பெருங்கடலுக்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் நிலம். ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டிற் கட்டிய கோட்டை அங்கே இன்றும் உண்டு. இப்பொழுதோ உலகெங்கணுமிருந்து அங்கு வருவோர் கோட்டையைத் தேடி வருவதிலர். காற்றைத் தேடி வருகின்றனர். காலடியில் ஒரு பலகை, இடுப்பில் ஒரு கச்சை, கையில் ஒரு பிடிகோல், அதிலிருந்து 20 மீற்றருக்கு மேல் நீண்டு செல்லும் நான்கு வடங்கள், அவற்றின் தலையில் ஒரு பெரும் பட்டம். பட்டம் இழுக்க, மனிதன் நீர்மேற் பாய்ந்து செல்கிறான். 'கைட்போர்டிங்' என்பது இவ்விளையாட்டின் பெயர். காற்றை ஏவல்கொண்டு கடலிற் கலஞ்செலுத்தியவன் வழிவந்தவன் கரிகாலன் என வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றிற் பாடினார். அன்று ஒரு குலத்துக்குப் புகழாயிருந்தது இன்று தனியொருவரின் ஓய்வுநாட் பொழுதுபோக்காயிற்று.

என்னை அங்கே அழைத்துச் சென்றவர் என்னிடம் தமிழ் பயின்ற பழைய மாணவர். இப்பொழுது கொழும்பிற் பொறியியலாளர். நான்கு பருவங்களாக இவ்விளையாட்டிற் பழகுகிறார். தொடக்கநிலை கடந்தவர், தேர்ச்சிநிலை இன்னும் எய்தாதவர். இந்த இடைநிலைதான் எக்கல்வியிலும் இடர்மிக்கது என்பதை ஆசிரியர்கள் அறிவர். பழைய பட்டத்தை வைத்துவிட்டுப் புதியதொன்றை அவர் கையிலெடுத்த முதற் கிழமை அது.

பழையதன் அமைப்பை முதலிற் கூறுதல் வேண்டும். பிரான்சு நாட்டின் பிறிற்றனி மாகாணத்தவரான புறூனோ, டொமினிக் லெகெனியூ என்னும் சகோதரர் இருவர், நீரில் விழுந்தாலும் மீண்டும் எழக்கூடிய பட்டமொன்றை ஆக்கி, 1984 நவம்பரிற் காப்புரிமை கோரினர். மூங்கிலுக்குப் பதிலாகக் காற்றடைத்த குழல்களே அதன் எலும்பு. முன்விளிம்பில் ஒரு பெருங்குழல். அதிலிருந்து பின்னோக்கி விலாவெலும்புபோலச் செல்லும் சிறுகுழல்கள், பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்து. இவ்விலாக் குழல்களை ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரட்' என்பர். இவையே துணியைத் தொய்யவிடாது பறவையின் சிறகுபோன்ற வளைவில் நிறுத்துவன.

புதிய பட்டத்தில் முன்குழல் உண்டு. விலாக்குழல் ஒன்றேனும் இல்லை. முன்குழலும் முச்சையும் துணியின் தையலும் மட்டுமே உள்ளன; எஞ்சிய வடிவத்தைக் காற்றே கொடுக்க வேண்டும். நிறை குறைகிறது, மடித்தால் ஒரு சிறு பைக்குள் அடங்குகிறது, காற்றடைக்கவேண்டிய குழலும் ஒன்றே. இவ்வளவையும் கேட்டபொழுது, "அப்படியாயின் இஃது உமக்கு எளிதாயிருக்குமே, தம்பி" என்றேன். அவர் சிரித்துவிட்டு நீரில் இறங்கினார்.

மாலையிற் கரையேறிய பின் அவர் கூறிய விடை இது: "ஐயா, முந்தின பட்டம் எங்க நிக்குதெண்டு கைக்குச் சொல்லும். இது சொல்லாது. நாங்கள்தான் போய்க் கேக்கவேணும்."

இதன் பொருளை அவர் விளக்கினார். விலாவுள்ள பட்டம் பிடிகோலைத் திடமாக இழுக்கும். அவ்விழுப்பைக் கொண்டே அது வானில் எவ்விடத்து நிற்கிறதென்பதைப் பாராமலே அறியலாம். இலேசான பட்டத்தின் இழுப்போ மென்மையானது. கண்ணாற் பார்த்து, விரல் நுனியால் உணர்ந்து அறிதல் வேண்டும். அன்றியும், பிடிகோலைத் தன்னைவிட்டு அப்பால் தள்ளினாற் பட்டத்தின் விசை குறைவது பொதுவிதி. விலாவுள்ளது அந்நிலையிலும் தன் வடிவத்தைக் காத்து அமைதியாய் நிற்கும். விலாவில்லாததோ துணி தளர்ந்து படபடக்கத் தொடங்கும். ஆகவே, ஐயுற்றபோதெல்லாம் கோலை முற்றாகத் தள்ளிவிடும் இடைநிலையாளரின் பழைய பழக்கம் இங்கே உதவாது. சிறிது தளர்த்தி, சிறிது பற்றி, துணியிற் பதம் கெடாமல் வைத்திருக்கக் கை பயிலவேண்டும். முதல் இரண்டு நாள் தாம் மறுபடியும் அரிச்சுவடி படித்ததாகவே அவர் சொன்னார்.

அப்படபடப்பை நானும் கரையிலிருந்து கேட்டேன். எங்கள் பட்டத்துக்கு நாம் விண் பூட்டுகிறோம். இரவு முழுவதும் மரத்திற் கட்டிவிட்ட பட்டத்தின் விண் கூவுவதைப் படுக்கையிற் கிடந்தே கேட்டு, காற்று ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லும் முதியவர்கள் எங்களூரில் இருந்தனர். விண் வேண்டிப் பூட்டிய குரல். இப்பட்டத்தின் படபடப்பு வேண்டாத குரல். ஆயினும் இரண்டும் காற்றின் செய்தியையே சொல்லுகின்றன. அக்குரலைக் கேட்கப் பழகியவர்க்கு, கையிற் குறைந்த செய்தி காதிற் கிடைத்துவிடுகிறது.

இத்துணைத் தொல்லைக்கு ஈடாக வரும் பயனை மூன்றாம் நாட் கண்டேன். கற்பிட்டியில் வைகாசி தொடக்கம் ஐப்பசி வரை சோளகம் வலிமையாய் வீசும். மார்கழிக்குப் பின் வரும் காற்று அத்துணை வலியதன்று. 12 நொட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 22 கிலோமீற்றர், என்னும் அளவை ஒட்டியே காற்று நின்ற அன்று, திடீரென அதுவும் தளர்ந்தது. விலாவுள்ள கனத்த பட்டங்கள் இரண்டு நீரில் வீழ்ந்தன. நனைந்த துணியோடு அவை எழமாட்டாமற் கிடக்க, அவற்றின் உரியவர்கள் நெடுந்தூரம் நீந்திக் கரைசேர்ந்தனர். எம்மவரின் பட்டமோ வடங்கள் தளர்ந்தபோதும் காற்றோடு மெல்லப் பின்னடைந்து மிதந்து, ஒரு சிறு வீச்சு வந்ததும் மீண்டும் நிமிர்ந்தது. அவர் பலகையினின்று இறங்காமலே கரைக்கு வந்தார். காற்று ஓய்ந்த கடலில் தனித்து நிற்பவனுக்கு இலேசு என்பது அழகன்று. வீடு திரும்பும் வழி.

ஆயின் இதன் மறுபுறமும் கூறவேண்டியதே. காற்று மிகுந்து குமுறி வீசும் நாளில் விலாவில்லாத பட்டத்தின் வளைவு குலையும். துணி ஓயாது அடிபட்டுப் பின்விளிம்பு தேயும். தாங்கும் காற்றின் எல்லையும் குறுகியது. எலும்பு வீணாக வைக்கப்பட்டதன்று.

தடியில்லாப் பட்டம் முற்றிலும் புதிய எண்ணமுமன்று. அமெரிக்கரான பிரான்சிஸ் றோகல்லோ தம் மனைவியாருடன் சேர்ந்து ஆக்கிய மெல்லிய துணிச்சிறகுக்கு 1951இற் காப்புரிமை கிடைத்தது. 1964இல் டொமினா ஜல்பேட் என்பவர் துணியறைகளுக்குள் எதிர்க்காற்றே புகுந்து நிறைந்து வடிவங்கொடுக்கும் பட்டத்தை வகுத்தார். 2024இற் பரிஸ் ஒலிம்பிக் விளையாட்டில் இப்பட்டப் பந்தயம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டு மார்செய் கடலில் நடந்தபோது, வீரர்கள் கொண்டுசென்றவை காற்றடைத்த குழலெதுவும் இல்லாத அவ்வினத்துப் பட்டங்களே. ஆனால், அவர்கள் உலகின் தலைசிறந்த கைகள் என்பதை மறத்தலாகாது.

இந்நிகழ்ச்சியை என் வகுப்பிற் கூறினேன். உரையை விட்டு மூலத்தை மட்டும் படித்தால் என்ன என்று கேட்கும் மாணவர் ஆண்டுதோறும் உளர். பாடம் இலேசாகும் என்பது அவர் எண்ணம். உரையாசிரியர் செய்த வேலை உரையை மூடிவைத்தவுடன் மறைந்துபோவதில்லை. சொற்பிரிப்பும் கொண்டுகூட்டும் படிப்பவன் தலைமேல் வந்து ஏறுகின்றன. அவ்வேலையை ஏற்கும் வலிமை வந்தவன் உரையை விடலாம், விடவும் வேண்டும். வாராதவன் கையிற் செய்யுள் படபடக்கும்.

பழைய பட்டத்தை விற்றுவிட்டீரா என்று புறப்படும்பொழுது அம்மாணவரைக் கேட்டேன். இல்லை என்றார். சோளகம் பிறந்ததும் மூன்று விலாவுள்ளதையே எடுப்பாராம்; மார்கழி முதற் பங்குனி வரை புதியது. காலையில் எழுந்ததும் தென்னை ஓலையைப் பார்த்த பின்னரே எந்தப் பையைத் திறப்பதென்று முடிவு செய்வார்.