வேலையிழந்த தகப்பனும் குழந்தையின் ஜீவனாம்சமும்

தம்பதிகளுக்குள் மனஸ்தாபம் முற்றிப் பிரிந்து வாழ நேருமாயின், குழந்தைக்குரிய ஜீவனாம்சத் தொகை கோர்ட்டு உத்தரவினால் நிர்ணயமாகின்றது. அவ்வுத்தரவு பிறந்த காலத்தில் தகப்பன் ஒரு மில்லிலோ கம்பெனியிலோ மாதச் சம்பளக்காரனாக இருந்திருப்பான். சில வருஷங்களில் அவ்வேலை போய்விடுகிறது. சம்பளத்தைப் பார்த்து விதித்த தொகை, சம்பளம் நின்ற பின்னும் மாதந்தோறும் பாக்கியாக ஏறிக்கொண்டே போகலாமா? அல்லது சம்பளம் நின்ற அன்றே குழந்தையின் உரிமையும் நின்றுவிடுமா? 2020-ம் வருஷத்தில் கொள்ளைநோயை முன்னிட்டுத் தேசமெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டபோதும், 2022-ல் மறைமலை நகரில் போர்டு மோட்டார் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியபோதும், வேலை போனது தொழிலாளியின் குற்றத்தினாலன்று என்பதை யாவரும் அறிவர். குழந்தையின் குற்றமும் அன்று என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இச்சட்டத்தின் பூர்வ சரித்திரத்தைச் சிறிது கவனிப்பது அவசியம். 1898-ம் வருஷத்திய கிரிமினல் புரொஸீஜர் கோடில் 488-வது பிரிவாக இது இருந்தது. அந்நிய ஸர்க்கார் இதை வைத்தது நமது குழந்தைகளின் மீது கொண்ட வாத்ஸல்யத்தினால் அல்ல. திக்கற்றோர் தெருவில் திரிந்து ஊருக்கு உபத்திரவமாவதைத் தடுக்கும் நோக்கமே அதில் மேலோங்கி நின்றது. ஸோற்றுக்கான பிராது கிரிமினல் சட்டத்தில் இடம்பெற்ற விசித்திரத்தின் காரணம் அதுவே. தொகைக்கும் ஓர் உச்ச வரம்பு கட்டினர். சுதந்திரத்துக்குப் பின் 1955-ல் 500 ரூபாயாக உயர்த்தப்பட்ட அவ்வரம்பு, 1973-ம் வருஷத்துக் கோடின் 125-வது பிரிவிலும் தொடர்ந்திருந்து, 2001-ல்தான் அடியோடு நீங்கிற்று. 2024 ஜூலை 1 முதல் அமுலுக்கு வந்த பாரதீய நாகரிக் சுரக்ஷா ஸம்ஹிதையில் இதுவே 144-வது பிரிவு. எண் மாறிற்று, வரம்பு போயிற்று, போதிய வசதியிருந்தும் பராமரிக்கத் தவறுபவன் மீதே இது பாயும் என்ற நிபந்தனை மட்டும் மாறவில்லை. வேலையற்றவனுக்குப் போதிய வசதி உண்டா என்பதே வழக்கு.

கோர்ட்டுகள் இதற்கு நெடுங்காலமாக ஒரே விடையைக் கூறி வருகின்றன. திடகாத்திரமுள்ள மனிதன் சம்பாதிக்க வல்லவன் என்றே கொள்ளவேண்டும். இயலாது என்று நிரூபிக்கும் பாரம் அவனுடையது. 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு, உடலுழைப்புச் செய்தேனும் மனைவியையும் மைனர் குழந்தையையும் ரக்ஷிப்பது அவன் கடமை என்று திட்டமாகச் சொல்லியிருக்கிறது. இதை நாம் மனப்பூர்வமாக ஆதரிக்கிறோம். வழக்கு வந்ததும் உத்தியோகத்தை ராஜீநாமாச் செய்துவிட்டு, தம்பியின் பெயரில் கடை நடத்திக்கொண்டு, கோர்ட்டில் வெறுங்கையை விரித்துக் காட்டும் புருஷர்களை நமது வக்கீல்கள் நன்கறிவார்கள். இத்தகையோரின் வேஷத்தைக் கலைக்கவே, இரு கட்சிக்காரர்களும் தங்கள் வரவு, செலவு, சொத்து, கடன் யாவற்றையும் பிரமாண பத்திரத்தில் எழுதித் தாக்கல் செய்யவேண்டுமென்று 2020-ல் அதே கோர்ட்டு உத்தரவிட்டது. வழக்கு நடக்கையில் ஒருவரது பொருள் நிலை மாறினால் திருத்திய பத்திரம் கொடுக்கவேண்டுமென்றும் அத்தீர்ப்பு கூறுகின்றது.

ஆயினும் ஒரு விஷயத்தை இங்கே பிரித்துப் பார்க்கவேண்டும். திடகாத்திரமுள்ளவன் சம்பாதிக்கக் கூடும் என்ற நியாயம், அவன் கொடுத்தாக வேண்டும் என்பதற்கு விடையாகுமேயன்றி, எவ்வளவு என்பதற்கு விடையாகாது. மாதம் 30,000 ரூபாய் சம்பளம் வாங்கியவன் மீது 8,000 ரூபாய் விதிக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். அவன் வேலையிழந்து, கூலி கிடைத்த நாட்களில் உழைத்து, மாதம் 10,000 ரூபாய் காண்கிறான். பழைய உத்தரவோ அப்படியே நிற்கிறது. ஒரு வருஷத்தில் பாக்கி 96,000 ரூபாய். வாரண்டு பிறக்கிறது. செலுத்தாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. சிறையிருந்ததனால் பாக்கி தீர்ந்துவிடாதென்றும் 1989-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்திருக்கிறது. கையில் பணத்தை வைத்துக்கொண்டு மறுப்பவனுக்கு இது தக்க மருந்து. இல்லாதவனைச் சிறையிலிட்டால், அவன் வெளியிலிருந்து கொண்டுவரக் கூடிய கூலியும் போய், குழந்தைக்கு அம்மாதம் ஒரு காசும் சேராது. இதனால் யாருக்கு லாபம்?

சட்டம் இதற்கு வழி வைக்காமலில்லை. நிலைமை மாறியதை நிரூபித்தால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாமென்று ஸம்ஹிதையின் 146-வது பிரிவு சொல்கிறது. ஆனால் உத்தரவு தானாக மாறாது. மனுச் செய்தாலன்றி மாறாது. நமது ஜனங்களில் பெரும்பாலோர் இதை அறியார். வேலை போனவன் வெட்கத்தினால் வாய் திறவாமல் பணத்தை நிறுத்துகிறான். அவள் அதை வஞ்சகமென்று நினைக்கிறாள். இருவரும் மறுபடி சந்திப்பது வாரண்டோடு கோர்ட்டு வராந்தாவில்தான். மனுப் போட்டவன் கதியும் மேலானதன்று. இடைக்கால ஜீவனாம்ச மனுவைக் கூடியவரை 60 நாட்களுக்குள் முடிக்கவேண்டுமென்று 2001-ல் சட்டம் செய்தவர்கள், தொகையை மாற்றும் மனுவுக்கு அத்தகைய கெடு ஒன்றும் வைக்கவில்லை. வாய்தா மேல் வாய்தா போகும் காலமெல்லாம் பழைய தொகையே கணக்கில் ஏறும். இம்மனுவுக்கும் அதே 60 நாள் கெடுவைச் சட்டத்தில் சேர்க்கவேண்டும். மனுக் கொடுத்த தேதியிலிருந்தே மாறுதல் செல்லும் என்றும் திட்டம் செய்யவேண்டும். மறுபடி வேலை கிடைத்தால் ஒரு மாதத்திற்குள் தெரிவிக்காதவன், மறைத்த காலத்துக்குப் பழைய தொகையையே செலுத்தக் கடவன் என்ற நிபந்தனையையும் உடன் விதித்தால் சூதுக்காரனுக்கு இடமிராது.

இதைப் படிக்கும் தாய்மார் சிலருக்கு நம்மீது சினம் எழக்கூடும். தகப்பனுக்கு வேலை போயிற்றென்று பள்ளிக்கூடச் சம்பளம் குறைகிறதா, அரிசிக்கடைக்காரன் பாதி விலைக்குக் கொடுக்கிறானா என்று அவர்கள் கேட்பது முற்றிலும் நியாயம். 1956-ம் வருஷத்திய ஹிந்து தத்து, ஜீவனாம்சச் சட்டம் குழந்தையைக் காக்கும் கடமையைத் தாய் தந்தை இருவர் மீதும் வைத்திருக்கிறது. நடைமுறையில் ஒருவர் கைவிட்ட பங்கு முழுவதும் குழந்தையை வைத்திருப்பவள் தலையில்தான் விழுகிறது. ஆகவே தொகை குறைவது மட்டும் பரிகாரமாகாது. குறைந்த பாகத்தை யார் கொடுப்பது?

முதலாவதாக, ஆட்குறைப்பின்போது கிடைக்கும் நஷ்ட ஈட்டைப் பார்க்கவேண்டும். பூர்த்தியான ஒவ்வொரு வருஷ ஸர்வீஸுக்கும் 15 நாள் சம்பளம் என்பது தொழிலாளர் சட்டம் வகுத்த கணக்கு. அது இழந்த சம்பளத்துக்கு ஈடான பணமாகையால், சம்பளத்தில் பங்குடைய குழந்தைக்கு அதிலும் பங்குண்டு. ஆறு மாத ஜீவனாம்சத்தை அதிலிருந்து எடுத்துக் குழந்தையின் பெயரில் கட்டும்படி கோர்ட்டு உத்தரவிடுவதில் அநீதி ஒன்றுமில்லை.

அதற்கு மேல் ஸர்க்காரின் பொறுப்பு வருகிறது. வேலையின்மையால் வாடுவோருக்கு ராஜ்யம் தன் சக்திக்கேற்ப உதவி செய்யவேண்டுமென்று நமது அரசியல் சட்டத்தின் 41-வது ஷரத்து விதிக்கிறது. தொழிலாளர் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பொரேஷன் மூலமாக 2018-ல் வேலையிழந்தோருக்கு ஒரு நிவாரணத் திட்டம் துவக்கப்பட்டது. சராசரி ஊதியத்தில் கால் பங்காக இருந்த நிவாரணம் 2020-ல் அரைப் பங்காக உயர்த்தப்பட்டது. அதுவும் 90 நாட்களுக்கே. அந்த இன்ஷ்யூரன்ஸில் சேராத கூலிக்காரனுக்கு அதுவுமில்லை. ஜெர்மனியில் 1980-ம் வருஷ ஆரம்பத்திலிருந்து வேறொரு முறை நடந்து வருகிறது. பிரிந்திருக்கும் பெற்றோர் பணம் தராவிடில், குழந்தைக்கு ஸர்க்காரே ஒரு தொகையை முன்பணமாகக் கொடுத்துவிடுகிறது. கொடுக்கச் சக்தியுள்ளவரிடமிருந்து பின்னால் வசூலிக்கிறது. 2017 முதல் 18 வயது வரை இவ்வுதவி நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கடனாளியைத் தேடும் வேலை ஸர்க்காருடையது. தாய் கோர்ட்டு வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. அவ்வளவு பெரிய தொகைக்கு நமது கஜானா இடங்கொடாது என்பார்கள். கோர்ட்டு உத்தரவு பெற்ற குழந்தைகளுக்கு மட்டும், தகப்பன் வேலையின்றி இருக்கும் முதல் ஆறு மாதங்களுக்கு மட்டும் என்று சென்னை ராஜதானியாக இருந்த நமது தமிழ்நாட்டிலாவது துவக்கிப் பார்க்கலாம் என்பது நமது அபிப்பிராயம்.

சட்டசபை இதைச் செய்யும்வரை, வேலையிழந்தவர்கள் காத்திருக்க வேண்டாம். 1987-ம் வருஷத்துச் சட்டப்படி ஸ்திரீகள், குழந்தைகள், தொழிற்சாலைத் தொழிலாளிகள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி பெற உரிமையுண்டு. வேலை போன மாதத்திலேயே, பணி நீக்கக் கடிதத்தையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் பாங்குக் கணக்கையும் எடுத்துக்கொண்டு, ஜில்லாக் கோர்ட்டிலுள்ள சட்ட உதவி ஆபீஸுக்குப் போய் 146-வது பிரிவின்படி மனுக் கொடுக்கவேண்டும். மனு நிலுவையிலிருக்கையில் இயன்ற தொகையை, சிறிதாயினும், மாதந்தோறும் தாயின் கணக்கில் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளவும் வேண்டும்.